இடியப்ப உரலும் நீராவி இயந்திரமும்

(நூற்றாண்டு விழாவையொட்டி ஐக்கிய இராச்சியக் கிளை நடத்திய மதியபோசன ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



மண்டபத்துக்குள் வரும்போதே இந்த மேசையைப் பார்த்துப் பலர் கேட்டுவிட்டீர்கள். ஆம், இது இடியப்ப உரல்தான். பித்தளை உரல். அதன் பிடியில் பழைய அழுத்தமானி ஒன்றையும் செப்புக் குழாய் ஒன்றையும் பொருத்தியிருக்கிறோம். இப்போது இது ஆகாயக் கப்பலிலிருந்து சுடும் துப்பாக்கி. பக்கத்தில் இருக்கும் கண்ணாடி, இரும்பு ஒட்டுபவர்கள் போடுவது. அதன் விளிம்பில் இருக்கும் பற்சில்லுகள் ஓடாத சுவர்மணிக்கூடு ஒன்றிலிருந்து கழற்றியவை. தொப்பியைச் சுற்றியிருப்பது காஞ்சிபுரச் சேலையின் கரை. இவற்றையெல்லாம் அணிந்துகொண்டு நாங்கள் ஏழு பேர், எல்லோரும் ஐம்பதைக் கடந்தவர்கள், சனிக்கிழமைகளில் பழைய நீராவி இயந்திரங்களைப் பார்க்கப் போகிறோம். "பிள்ளை, உதென்ன கோலம்?" என்று எங்களுள் ஒருவரின் தாயார் வீடியோ அழைப்பில் கேட்டார். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லத்தான் விழாக் குழு எங்களுக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறது.

இந்தப் பொழுதுபோக்குக்கு ஸ்டீம்பங்க் என்று பெயர். 1987 இல் கே. டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர், தானும் தன் நண்பர்களும் எழுதிவந்த விக்டோரியா காலக் கற்பனைக் கதைகளுக்குப் பாதி விளையாட்டாகச் சூட்டிய பெயர் அது. மின்சாரமும் பெற்றோலும் உலகைப் பிடித்துக்கொள்ளாமல் நீராவியே தொடர்ந்து ஆண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதுதான் அக்கதைகளின் கேள்வி. நீராவியில் ஓடும் கணினி, நீராவியில் பறக்கும் கப்பல், பித்தளையில் செய்த செயற்கைக் கை. கதையிலிருந்து அது உடைக்கு வந்தது. உடையிலிருந்து கைவேலைக்கு வந்தது. கைவேலைக்கு வந்த இடத்தில்தான் நாங்கள் அகப்பட்டுக்கொண்டோம்.

கைத்தொலைபேசியைத் திறந்து பார்த்தால் ஒன்றும் விளங்காது. நீராவி இயந்திரம் தன் வேலையை மறைப்பதில்லை. இது தள்ளுகிறது, அது தூக்குகிறது, இந்தச் சில்லு சுற்றுகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லலாம். நாங்கள் படித்த நாளில் தையல் அறையிலிருந்த சிங்கர் இயந்திரமும் அப்படித்தான் இருந்தது. வாரைக் கழற்றி, எண்ணெய் விட்டு, திரும்பப் பூட்டினால் ஓடும். எங்களுக்குப் பொறியியலின் முதற்பாடம் அதுவே. அந்தப் பாடத்துக்கு அப்போது மனையியல் என்று பெயர் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

எங்கே போனோம் என்று கேட்பீர்கள். இலண்டனில் இருப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது குரொஸ்னெஸ். தேம்ஸ் நதியின் தென்கரையில், அபி வூட் புகையிரத நிலையத்துக்கு அப்பால் இருக்கிறது. 1850களில் இலண்டன் கொலராவால் செத்துக்கொண்டிருந்தது; 1858 கோடையில் தேம்ஸ் நாறிய நாற்றத்தில் பாராளுமன்றத்தால் நிம்மதியாகக் கூடியிருக்க முடியவில்லை. அதன்பிறகுதான் ஜோசப் பாசல்ஜெற் என்ற பொறியியலாளருக்கு நிலக்கீழ்க் கழிவுநீர்க் கால்வாய்களைக் கட்டப் பணம் கிடைத்தது. கீழே வந்து சேரும் கழிவை மேலே இறைத்துத் தேக்கி, நதி கடலை நோக்கி வடியும் நேரத்தில் திறந்துவிட வேண்டும். அதற்கென்று 1865 ஏப்ரல் 4 ஆம் திகதி திறந்துவைத்ததுதான் குரொஸ்னெஸ் இறைப்பு நிலையம். நான்கு இயந்திரங்கள். விக்டோரியா, பிரின்ஸ் கொன்சோர்ட், ஆல்பர்ட் எட்வர்ட், அலெக்சாண்ட்ரா என்று அரச குடும்பத்தின் பெயர்கள். ஒவ்வொன்றின் சுழற்சில்லும் 52 தொன், மேலே ஏறி இறங்கும் உத்தரம் 47 தொன்.

உள்ளே போனால் கழிவுநீர் நிலையம் என்று ஒருவரும் நம்ப மாட்டார்கள். எண்கோண வடிவில் வார்ப்பிரும்புத் தூண்கள், பூவும் கொடியுமாக இரும்பிலே பின்னிய தட்டிகள், சிவப்பும் பச்சையும் பொன்னிறமும் பூசிய கோயில் மண்டபம் போல இருக்கிறது. மலம் இறைக்கும் இடத்துக்கு எதற்கு இவ்வளவு அழகு என்று எங்களுக்குள் ஒரு விவாதமே நடந்தது. செய்யும் வேலையில் அவர்களுக்கு வெட்கம் இருக்கவில்லை என்பது எங்கள் முடிவு. ஆனால் அழகு பாதிதான். நிலையம் மூடப்பட்டபின் பல பத்தாண்டுகள் எல்லாம் துருவேறிக் கிடந்தன. தொண்டர்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், ஆண்டுக்கணக்காகச் சுரண்டிச் சுரண்டி, 2003 இல் பிரின்ஸ் கொன்சோர்ட்டை மறுபடி ஓட வைத்தார்கள். ஒரு பக்கம் பளபளப்பு. திரும்பிப் பார்த்தால் மறுபக்கம் செங்கட்டி நிறத்தில் துரு. அந்தத் துருவையும் நின்று பாருங்கள். ஒரு இயந்திரத்தை உயிரோடு வைத்திருப்பது எத்தனை பேருடைய சனிக்கிழமைகள் என்பது அங்கேதான் தெரியும்.

தென் கென்சிங்டனில் உள்ள விஞ்ஞான நூதனசாலைக்கு உங்களில் பலர் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருப்பீர்கள். அடுத்த முறை சார்ள்ஸ் பாபேஜின் இரண்டாவது வேறுபாட்டு இயந்திரத்துக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். 1840களின் பிற்பகுதியில் அவர் வரைந்து வைத்துவிட்டுப் போன கணக்கிடும் இயந்திரம். அவர் வாழ்நாளில் கட்டப்படவில்லை. அவர் பிறந்து 200 ஆண்டு நிறைந்த 1991 இல் நூதனசாலைக்காரர் அவருடைய வரைபடப்படி கட்டிப் பார்த்தார்கள். பிழையில்லாமல் கணக்குப் போட்டது. பின்னர் அச்சிடும் பகுதியையும் சேர்த்தார்கள். மொத்தம் 8,000 பாகங்கள், 5 தொன் நிறை. ஸ்டீம்பங்க் கதைகளுக்கெல்லாம் இதுதான் மூலவிக்கிரகம். அதைவிட எங்களுக்கு முக்கியமானவர் ஏடா லவ்லேஸ். பாபேஜ் அதற்கு முன்பே சிந்தித்த இன்னொரு இயந்திரத்தைப் பற்றி இத்தாலியர் ஒருவர் எழுதிய கட்டுரையை மொழிபெயர்க்கப் புறப்பட்டு, மூலத்தைவிட நீளமான குறிப்புகளை 1843 இல் அவர் எழுதிச் சேர்த்தார். அந்த இயந்திரம் எண்ணோடு நிற்காது, விதி தெரிந்தால் இசையைக்கூட அமைக்கலாம் என்று அப்போதே கண்டவர். எங்கள் குழுவில் ஏடாவாக உடுத்துவதற்கு எப்போதும் போட்டி.

இனிச் சொல்லப்போவது அவ்வளவு சுலபமான விடயமல்ல.

மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஸ்டையல் என்ற கிராமத்தில் குவாரி பாங்க் ஆலை இருக்கிறது. சாமுவேல் கிரெக் என்பவர் 1784 இல் தொடங்கிய பஞ்சாலை. ஆறு, மரங்கள், செங்கல் கட்டடம், பெரிய நீர்ச்சில்லு எல்லாம் அழகு. ஆலைக்குச் சற்றுத் தள்ளி, 1790 இல் கட்டிய பயிலுநர் விடுதி. வறியோர் இல்லங்களிலிருந்து கொண்டுவந்த பிள்ளைகள் தொண்ணூறு பேர்வரை அங்கே தங்கினார்கள். பெண்பிள்ளைகளே கூட. சாப்பாடும் படுக்கையும் உண்டு, சம்பளம் இல்லை. அந்தக் காலத்து மற்ற ஆலைகளோடு ஒப்பிட்டால் கிரெக் நல்ல முதலாளி என்றே சொல்வார்கள். வைத்தியர் வந்து பார்த்தார், கொஞ்சம் எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். அதே குடும்பத்துக்கு மேற்கிந்தியத் தீவான டொமினிக்காவில் அடிமைகள் வேலைசெய்த தோட்டமும் இருந்தது. 1830களில் எஸ்தர் பிரைஸ் என்ற பெண்பிள்ளை அந்த விடுதியிலிருந்து ஓடிப்போனாள். திரும்பி வந்தபோது தண்டனையாக ஓர் அறையில் தனியே பூட்டி வைத்தார்கள். விடுதியில் படித்த அக்காமாருக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நமக்கு வீட்டுக்கு எழுத முகவரி இருந்தது, தவணை முடிய அழைத்துப் போக ஆளும் வந்தது.

அந்த விடுதியின் சிறிய கட்டில்களுக்கு முன்னால் பற்சில்லுத் தொப்பியோடு நின்றபோதுதான் எங்களுக்குள் பேச்சு எழுந்தது. ஸ்டீம்பங்க் கூட்டங்களில் கப்பல் தலைவன் இருக்கிறான், கண்டுபிடிப்பாளர் இருக்கிறார், சீமாட்டி இருக்கிறாள். நூல் அறும்போது ஓடும் இயந்திரத்துக்குக் கீழே புகுந்து முடிச்சுப் போட்ட பிள்ளையாக ஒருவரும் உடுத்தி வருவதில்லை.

பேர்ண்லியில் குவீன் ஸ்ட்ரீட் ஆலையில் இன்னொன்று கற்றோம். நீராவியால் ஓடிய நெசவாலைகளில் இன்றும் தறிகளோடு எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். 1890களில் கட்டப்பட்டு 1982 இல் மூடப்பட்டு நூதனசாலையாயிற்று. 500 குதிரைவலு இயந்திரத்துக்கு முதலில் புரூடன்ஸ், அதாவது விவேகம் என்று பெயர். முதலாம் உலகப்போர் முடிந்தபின் பீஸ், சமாதானம், என்று மாற்றினார்கள். அந்த ஒற்றை இயந்திரம் ஓட, மேலே நீளத் தண்டு சுற்ற, தோல்வார்கள் இறங்கி வந்து முந்நூறுக்கு மேற்பட்ட தறிகளை இழுத்தன. காட்சிக்காகச் சில தறிகளை மட்டும் ஓட்டிக் காட்டினாலே காது அடைக்கிறது. நாள் முழுக்க அத்தனையும் ஓடினால் எப்படி இருந்திருக்கும்? நெசவுகாரர்களில் பெரும்பாலோர் பெண்கள். சத்தத்தில் பேச முடியாததால் உதட்டசைவாலேயே பேசிக்கொண்டார்கள். அதற்கு மீ-மோ என்று ஒரு பெயரே இருந்தது. நாடாவில் நூலைக் கோர்க்க, அதன் துளையில் வாயை வைத்து உறிஞ்ச வேண்டும். பஞ்சுத் தூசும் எண்ணெயும் வாய்க்குள் போகும், ஒருவருடைய நோய் மற்றவருக்குப் போகும். அதை நாடாவுக்கு முத்தம் கொடுப்பது என்றார்கள். நடமாடும் தறிக்குப் பக்கத்தில் சேலை முந்தானையை இறுக்கிச் செருகிக்கொள்ளச் சொன்னபோது, அதே இடத்தில் தலைமுடி அகப்பட்டவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இனி லிங்கன் நகருக்கு வருவோம். 2009 இலிருந்து அங்கே கோடையின் முடிவில் ஸ்டீம்பங்க் விழா நடக்கிறது. பேராலயத்துக்கும் கோட்டைக்கும் இடையிலான கல்பதித்த தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் பித்தளையும் தோலுமாக உலாவுவார்கள். அங்கே ஒரு போட்டி உண்டு, தேநீர்ச் சண்டை. இரண்டு பேர் எதிரெதிரே இருந்து பிஸ்கற்றைச் சூடான தேநீரில் தோய்த்து எடுத்துக் காத்திருக்க வேண்டும். உடைந்து விழாமல் கடைசியாக வாயில் போடுபவர் வெற்றி. நடுவர் உண்டு, விதி உண்டு, கைதட்டல் உண்டு. சிறு வயதிலிருந்து பிளேன்ரீயில் பிஸ்கற் தோய்த்துப் பழகிய நமக்கு அது பெரிய சவாலல்ல.

அதே விழாவின் கடைகளில் எல்லாம் தொங்கும் ஒரு பொருள், வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களில் போட்ட வெயில் தொப்பி. காடுகளை ஆராயப் போகும் வீரரின் அடையாளமாக அதைப் போடுகிறார்கள். எங்கள் குழுவில் அந்தத் தொப்பி பற்றி இரண்டு கருத்து. ஒருவர் சொன்னார், "இது விளையாட்டு. அந்தக் காலத்தில் எங்களுக்குத் தராத தொப்பியை இப்ப நாங்கள் போட்டால், அது அவையளுக்குத்தானே பகிடி?" அதில் நியாயம் இருக்கிறது. இன்னொருவர், அற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து எங்கள் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவர். அவருடைய அப்பாயி அறுபது வயதுவரை கொழுந்து எடுத்தவர். அவர் சத்தம் போடவில்லை. "எங்க அப்பாயி அந்தத் தொப்பியத் தூரத்துல கண்டாலே முக்காட்ட எடுத்துட்டு ஒதுங்கி நிப்பாங்களாம்" என்றார். அதன்பின் எங்களில் ஒருவரும் அதை விலை கேட்கவில்லை.

பதிலாக அவர் ஒன்று செய்தார். முதுகில் கொழுந்துக்கூடை, தலையில் கூடைக் கயிறு, இடுப்பில் சாக்குப் படங்கு, கண்ணில் பித்தளைக் கண்ணாடி. கூடைக்கு அடியில் சமையலறைத் தராசு ஒன்றின் சுருள்வில்லைப் பூட்டி, முன்னால் தோள் பட்டியில் ஒரு முள்மானி. கொழுந்து விழ விழ முள் நகரும். மானி எவருக்கும் தெரியும்படி பெரிது. எடை மடுவத்தில் தண்ணீருக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிக்கும்போது எதிர்த்துச் சொல்ல முடியாமல் நின்றவர்களுக்காக அவர் செய்த கருவி அது. நீராவிக் காலத்தில் இப்படியும் ஒரு இயந்திரம் இருந்திருக்கலாமே என்பதுதான் ஸ்டீம்பங்க் என்றால், எங்கள் கண்ணில் அன்று லிங்கனில் அதைவிட நல்ல ஸ்டீம்பங்க் இருக்கவில்லை. பலர் நின்று கேட்டார்கள்; அவர் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கினார். கையில் தேநீர்க் கோப்பையோடு கேட்டவர்களும் உண்டு.

மறுநாள் அங்கிருந்து கெயின்ஸ்பரோவுக்குப் போனோம். லிங்கனிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். வில்லியம் மார்ஷல் 1848 இல் தொடங்கிய பொறியியல் தொழிற்சாலை இருந்த ஊர் அது. நீராவி இயந்திரங்கள், உழவு இயந்திரங்கள், வீதியுருளைகள் மட்டுமல்ல, கொழுந்தை உருட்டும், உலர்த்தும் இயந்திரங்களையும் செய்து அசாமுக்கும் இலங்கைக்கும் கப்பலேற்றினார்கள். இப்போது அந்தக் கட்டடத்தில் 2007 இலிருந்து கடைத்தொகுதி நடக்கிறது, பெயர் மட்டும் மார்ஷல் யார்ட் என்றே இருக்கிறது. நீளமான பழைய செங்கல் முகப்பை இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்த முகப்புக்கு முன்னால் எங்கள் தோழி கூடையோடு நின்று எடுத்த படத்தை இந்த மலரில் போடும்படி ஆசிரியர் குழுவைக் கேட்டிருக்கிறோம்.

மலைநாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. தோட்டத்து ஸ்ரோரில் இரும்பில் வார்த்த எழுத்தாக மார்ஷல், கெயின்ஸ்பரோ என்று இருக்கும். உலர்த்தியில் சிரோக்கோ என்று இருக்கும். சிரோக்கோவைச் செய்தவர் சாமுவேல் டேவிட்சன். வடகிழக்கு இந்தியாவின் கச்சாரில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பழகி, பெல்பாஸ்டுக்குத் திரும்பி 1881 இல் தொழிற்சாலை தொடங்கியவர். கண்டிக்கு மேலே அந்தானையில், 1925 இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலையை 2001 இல் இலங்கைத் தேயிலை நூதனசாலையாகத் திறந்தார்கள். ஊருக்குப் போகும்போது நாங்கள் அங்கே போனோம். கீழ்த்தளத்தில் பெரிய பழைய இயந்திரங்கள், உருட்டிகள், உலர்த்திகள். 1867 இல் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிர்செய்யத் தொடங்கிய ஜேம்ஸ் டெயிலருக்கு உரிய இடம் அங்கே உண்டு. செய்தவருடைய பெயர் இரும்பில் இருக்கிறது, பயிரிட்டவருடைய பெயர் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. உலர்த்திக்கு விறகு போட்டவர், உருட்டியின் சூட்டைக் கையால் தொட்டே பதம் சொன்னவர், இருளில் பெரட்டுக்கு எழுந்து கொழுந்தோடு வந்தவர், 1948 இன் குடியுரிமைச் சட்டத்தோடு நாடற்றவர் என்று எழுதப்பட்டவர், இவர்களுடைய பெயரைத் தெரிந்துகொள்ள வீட்டு மனிதரைத்தான் கேட்க வேண்டும். எங்கள் தோழி உருட்டிக்கு முன்னால் நின்று அப்பாயியின் பெயரை ஒருமுறை சத்தமாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற உல்லாசப் பயணிகளுக்கு விளங்கியிருக்காது.

ஆகவே எங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. எங்கள் கொப்பி இதோ. ஒரு பழைய இயந்திரத்தைப் பார்க்கப் போனால் அதில் வார்த்திருக்கும் பெயரை எழுதுகிறோம். அடுத்த வரியில் அதை ஓட்டியவர் யார் என்று கேட்டு எழுதுகிறோம். இங்கிலாந்தில் தொண்டர்களைக் கேட்டால் பல இடங்களில் விடை கிடைக்கிறது. தகப்பனோ பாட்டியோ அங்கே வேலை செய்திருப்பார்கள். நமது பக்கத்தில் கொப்பி கிட்டத்தட்ட வெறுமை. தோட்டத்து ஸ்ரோரில் வேலைசெய்தவர்களின் பேத்திகள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை என்று போரோடு நின்றுபோன இடங்களில் வேலைசெய்த தகப்பன்மாரின் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். அப்பாவுக்கு இப்போது எண்பது, எண்பத்தைந்து இருக்கும். எந்தப் பகுதியில் நின்றார், சங்கு எத்தனை மணிக்கு ஊதியது, இயந்திரம் பழுதானால் முதலில் எதைத் தொட்டுப் பார்ப்பார் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். கையெழுத்தாக இருந்தாலும் சரி, குரலாக இருந்தாலும் சரி.

அடுத்த பயணம் குரொஸ்னெஸ்ஸுக்கே. இயந்திரம் ஓடும் நாட்கள் ஆண்டில் சிலவே, ஆகவே திகதியை முன்கூட்டிப் பார்த்து வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். உடுப்புக் கட்டாயமில்லை. தட்டையான சப்பாத்துப் போட்டு வாருங்கள், படிகள் இரும்புத் தட்டி, குதிக்கால் அகப்படும். மதியச் சாப்பாடு நாங்கள் கொண்டுவருகிறோம், இடியப்பம்தான். உரலில் பூட்டிய அழுத்தமானி கழலும். நன்றாகக் கழுவித்தான் பிழிவோம்.